கட்டிய கையைத் தொடலாமா?

கம்பம் பள்ளத்தாக்கிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மலையிலுமாக முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கை கட்டப்பட்ட நோயாளிகளைப் பற்றியவை என்பதால் அவற்றையே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 74 வயது. ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். நிமோனியா என்று எல்லை தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். மூக்கில் போட்ட சாப்பாட்டு டியூபை இரண்டு தடவை பிடுங்கிவிட்டார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். என்னைப் பார்த்தால் 'அவுத்து விடுப்பா' என்று கெஞ்சுகிறார். அதைப் பார்க்க முடியாமல் வராந்தாவில் போய் நின்றுகொள்கிறேன். பக்கத்து பெட் அம்மா 'கையை நீவிக் கொடுப்பா, அடங்குவார்' என்கிறார்கள். செய்யலாமா, ஏதாவது ஆகிவிடுமா? (வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்)

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் தம்பி, வராந்தாவில் போய் நிற்காதீர்கள். அந்த வார்டில் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்த முகம் உங்களுடையது மட்டும்தான்.

நீவிக் கொடுக்கலாம், தாராளமாக. சில கைகளைத் தொடக்கூடாது, அதை அடுத்த கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அவர் வீம்புக்கு டியூபைப் பிடுங்கவில்லை. வயதானவர்களுக்கு நிமோனியா மாதிரி ஒரு கிருமித்தொற்று வந்தால் மூளை திடீரென்று குழம்பிப்போகும், டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள். பகலில் உங்களிடம் ஒழுங்காகப் பேசியவர் விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் 'ஜீப்பு வந்திருச்சு, மேல போகணும்' என்று எழுந்து உட்காருவார். காய்ச்சல், ஆக்ஸிஜன் குறைவது, ரத்தத்தில் உப்பு குறைவது, மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, சொல்லத் தெரியாத வலி, நாலு ராத்திரி தூங்காதது, சில தூக்க மாத்திரைகள், மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது, இதில் எது வேண்டுமானாலும் அந்தக் குழப்பத்தைக் கிளப்பும், கூட்டும். அந்த நிலையில் மூக்கில் ஏதோ உறுத்துகிறது, கை தானாக அங்கே போகிறது, அவ்வளவுதான். கையைக் கட்டிவிட்டால் டியூப் தப்பலாம், குழப்பம் தப்பாது, பல பேருக்கு அது கூடத்தான் செய்யும். கட்டியிருக்கும்போதே உடம்பை மெல்லக் கீழே நழுவவிட்டு, மூக்கைக் கைப்பக்கம் கொண்டுவந்து டியூபை இழுத்துப்போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நம் எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் புரியும் விஷயம். மலையாள சிஸ்டர் 'கெட்டு அழிக்கருதே' என்று சொல்லிவிட்டுப் போவார். கட்டை அவிழ்க்காதே என்று அர்த்தம். குழம்பிப்போன ஒரு தமிழ்க் கிழவருக்கு அது 'அழிக்க' என்றுதான் காதில் விழும். ஒரு பெரியவர் என்னிடம், 'என்னை அழிக்கப் போறாங்களாம்மா' என்று கேட்டார், உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. அதனால் சிஸ்டர் என்ன செய்யப் போகிறார், எதற்குச் செய்கிறார் என்பதை ஒவ்வொரு தடவையும் நீங்கள் அப்பாவின் காதருகில் நம் பேச்சில் சொல்லுங்கள். இன்று என்ன கிழமை, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி, சாயங்காலம் யார் வரப்போகிறார்கள், இதெல்லாம் சொல்லிக்கொண்டே இருங்கள். சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது கை. முதலில் சிஸ்டரிடம் கேளுங்கள். கேரளாவில் நோயாளி கூட இருப்பவரை பைஸ்டாண்டர் என்பார்கள், பைஸ்டாண்டர் கேட்காமல் எதையாவது தொட்டால் அவர்களுக்குப் பதறும், அது நியாயம்தான். 'சிஸ்டரே, கை ஒன்னு தடவிக் கொடுத்தோட்டே?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுகிற சிஸ்டரை நான் பார்த்ததில்லை. கூடவே, 'கெட்டு ஒன்னு லூசாக்காமோ?' என்றும் கேளுங்கள், கட்டைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று அர்த்தம். இதுதான் முக்கியம். கட்டிய கையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது அவிழ்த்து, தோலைப் பார்த்து, மூட்டை அசைத்துவிட்டு, வேண்டுமென்றால்தான் திரும்பக் கட்ட வேண்டும் என்பது நர்ஸிங் பாடத்திலேயே உள்ளது. ஆள் பற்றாத வார்டில் அது தள்ளிப்போகும். நீங்கள் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொன்னால் சிஸ்டருக்கும் அவிழ்க்கத் தைரியம் வரும், அந்தப் பத்து நிமிஷம் உங்கள் கைதான் அவருக்குக் கட்டு. நீங்களாக மட்டும் அவிழ்க்காதீர்கள். டியூப் பாதி வெளியே வந்து பால் நுரையீரலில் இறங்கினால் இப்போதிருக்கும் நிமோனியா இரட்டிப்பாகும்.

கையைக் கழுவித் துடையுங்கள், மோதிரம் வாட்ச்சைக் கழற்றுங்கள். நின்றுகொண்டு செய்யாதீர்கள், அவர் முகத்துக்கு நேராக ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். 'அப்பா, கையை நீவி விடட்டுமா?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேளுங்கள், கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் கையைச் சும்மா பிடித்துக்கொண்டிருங்கள், அவர் இழுத்துக்கொள்ளவில்லை என்றால் தொடங்கலாம். தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு, முழங்கையில் ஆரம்பித்து மணிக்கட்டு, புறங்கை என்று மெல்ல இறங்குங்கள். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல? முழங்கையிலிருந்து மணிக்கட்டு வருவதற்கு மனதுக்குள் எட்டு எண்ணுங்கள். முடி முளைக்கிற தோலில், அதாவது முன்கையிலும் புறங்கையிலும், இதமான தடவலை மட்டும் மூளைக்குச் சொல்லும் மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன, அவை நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால்தான் நன்றாக விழித்துக்கொள்ளும், 3 சென்டிமீட்டர் வாக்கில் இருந்தால் உத்தமம். அவசரமாகத் தேய்த்தால் அந்த இழைகளுக்கு அது கேட்காது. அப்புறம் உள்ளங்கையைத் திருப்பி இரண்டு கட்டை விரலாலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாக, அப்புறம் ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனி வரை. சொடக்கு எடுக்காதீர்கள், நம் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு, பழுத்த மூட்டுக்கு அது ஆகாது. ஒரு கைக்கு ஐந்து நிமிஷம் போதும். காலையில் ஒன்று, அப்புறம் குழப்பம் ஏறுகிற அந்திக்கு அரை மணி முன்னால் ஒன்று. கட்டை அவிழ்க்கவே முடியாது என்று சொல்லிவிட்டாலும் கட்டுக்குக் கீழே இருக்கிற விரல்களும் உள்ளங்கையும் உங்களுக்கு உண்டு, மேலே முன்கையும் உண்டு.

நீவும்போதே கையைப் படித்துவிடுங்கள். கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் நுழைகிறதா? விரல் நுனி வெதுவெதுப்பாக இருக்கிறதா? நகத்தை அமுக்கி விட்டால் வெளுத்த இடம் இரண்டு மூன்று நொடியில் சிவக்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால், சில்லென்று இருந்தால், வீங்கியிருந்தால், மரத்துப்போச்சு என்று அவர் சொன்னால், அந்த நிமிஷமே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். கட்டின் முனையைக் கட்டிலின் பக்கக் கம்பியில் கட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள், கம்பியை ஏற்றி இறக்கும்போது கை முறுக்கிக்கொள்ளும், கட்டிலின் சட்டத்தில்தான் கட்ட வேண்டும், இழுத்தால் உடனே அவிழும் முடிச்சாக.

ஒவ்வொரு நாளும் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம், இன்றைக்கும் கட்டு தேவையா என்று கேளுங்கள். டியூப் இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். வாயால் சாப்பிட முடிகிறது என்று டியூபை எடுத்த அன்றைக்கே கட்டும் போன கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

கேள்வி: என் மாமனாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போன வாரம் மூச்சுத்திணறலில் ஐ.சி.யூ.வில் இருந்தபோது கை கட்டியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். கையை நீவி விடலாமா? என்ன எண்ணெய்? (வாசகி, போடிநாயக்கனூர்)

பதில்: டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையை, அதாவது ரத்தக்குழாய்களை ஆபரேஷனில் இணைத்துவிட்ட கையை, தொடவே வேண்டாம் அம்மா, அதைக் கட்டவும் கூடாது, அந்தக் கையில் பி.பி. பார்க்கவும் கூடாது. கட்டியிருந்ததைப் பார்த்தால் வாய் திறந்து சொல்லுங்கள், ஐ.சி.யூ.வில் புதிதாக டூட்டிக்கு வந்தவருக்குத் தெரியாமல் போகலாம். மற்ற கை ஓ.கே.

உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வயதான தோலுக்கும் அழுத்தம் கொடுக்கக்கூடாது. லேசாக அமுக்கினாலே கருநீலமாகக் கன்றிவிடும். தூங்குகிற கைக்குழந்தையின் முதுகைத் தடவுவீர்களே, அந்த அளவு. வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகிய சின்னக் குழாய், போட்ட இடத்தைச் சுற்றி நாலு விரல் தூரம் தள்ளியே இருங்கள், பிளாஸ்டருக்கு அடியில் எண்ணெய் போனால் அது கழன்றுவிடும். விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கிளிப்பைக் கழற்றாமல் அந்த விரலை விட்டுவிடுங்கள். சிவந்து, வீங்கி, தொட்டால் வலிக்கிற கை, எலும்பு முறிந்த கை, புண் இருக்கிற கை, மார்பக ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை, இவற்றை விட்டுவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். பக்கவாதம் வந்த கையை நீவலாம், ஆனால் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவும்.

எண்ணெய்க்கு ரொம்ப யோசிக்க வேண்டாம், வீட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். வலிக்குத் தேய்க்கிற தைலம், கற்பூரம் போட்டது, வாசனை தூக்கலாக இருப்பது எதுவும் வேண்டாம், மூச்சுத்திணறல் உள்ளவருக்கு அந்த நெடியே இருமலைக் கிளப்பும். முடிந்ததும் துணியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் உத்தமபாளையம் பக்கம். கோட்டயத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ராத்திரி டூட்டியில் கட்டாமல் சமாளிக்கவே முடியவில்லை. கை நீவுவதெல்லாம் புத்தகத்தில் நன்றாக இருக்கிறது, நேரம் எங்கே இருக்கிறது? உண்மையில் இதனால் பிரயோஜனம் உண்டா சிஸ்டர்?

பதில்: உண்டு, ஆனால் எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். மறதி நோய் உள்ளவர்களுக்குத் தொடுதலும் மசாஜும் உதவுமா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2006ல் ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது, தரம் போதும் என்று தேறியவை இரண்டே இரண்டு, அவையும் சின்ன ஆய்வுகள். ஒன்றில் கையை நீவியதும் கொஞ்ச நேரத்துக்குப் பரபரப்பு குறைந்தது, இன்னொன்றில் பேசிக்கொண்டே தொட்டு ஊட்டியபோது கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள். நோய் இதனால் குணமாகாது, கட்டுக்கும் மருந்துக்கும் பதிலாக இதை வைக்க முடியாது. ஆனால் ராத்திரி டூட்டியில் அந்தக் கொஞ்ச நேரத்தின் விலை உனக்கே தெரியும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி முப்பது பேர் இருந்த வார்டில் நான் ஒருத்தி. வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பாட்டி ஒருவர், உப்பு குறைந்து வந்தவர், ஓயாமல் போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். யூரின் டியூபைப் பிடுங்கப் போகிறார் என்று நினைத்து ரோலர் பேண்டேஜால் இரண்டு மணிக்கட்டையும் கட்டிவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் போனேன். விடிகாலை ஐந்து மணிக்கு வந்து பார்க்கிறேன், இரண்டு கையும் பொங்கிப்போய், மணிக்கட்டில் கோடு விழுந்து, கட்டுக்குள்ளேயே அந்த விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அவிழ்த்து மடியில் வைத்து நீவிக் கொடுத்தபோதுதான் விரல்களைப் பார்த்தேன், வெடிப்பு வெடிப்பாக, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. அவர் டியூபைத் தேடவே இல்லை, ராத்திரி முழுக்கக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு துண்டைச் சுருட்டிக் கையில் கொடுத்தேன். அதன் நூலைப் பிரித்துக்கொண்டே தூங்கிவிட்டார். அந்தக் கோடு மறைய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் அவருக்கு ஊசி போட்டேன்.

நேரத்துக்கு வருகிறேன். தனியாக நேரம் ஒதுக்காதே, கிடைக்காது. கட்டை அவிழ்த்துத் தோலைப் பார்க்க வேண்டியது எப்படியும் உன் வேலை, பார்க்கிற அந்த மூன்று நிமிஷத்தில் கையை நீவியபடியே பார். மற்றதைக் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடு, அவர்கள் ஏதாவது செய்யத் தவித்துக்கொண்டு வெளியே நிற்கிறார்கள். கட்டுவதற்கு முன் ஒரு ஓட்டம் பார்த்துவிடு: மூத்திரம் முட்டுகிறதா, வலியா, ஆக்ஸிஜன் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கண்ணாடி எங்கே, தலைக்கு மேலே டியூப்லைட் எரிகிறதா. வென்ஃப்ளானை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவிடு, கண்ணில் படாததை அவர்கள் அவ்வளவாக இழுப்பதில்லை. விரல்களை மூடும் மிட்டன் போதுமென்றால் மணிக்கட்டைக் கட்டாதே. கட்டியே ஆக வேண்டும் என்றால் டாக்டரிடம் எழுத்தில் வாங்கு, எப்போது கட்டினாய், எப்போது அவிழ்த்துப் பார்த்தாய் என்று நீயும் எழுது, மல்லாக்கப் படுக்க வைத்துக் கட்டாதே, வாந்தி வந்தால் திரும்பக்கூட முடியாது. அடிக்க வருகிறவரிடம், பிறாண்டுகிறவரிடம் அந்த நேரத்தில் நீவப் போகாதே. அடங்கிய பிறகு போ.

ஆள் இல்லாமல் கட்டுகிறோம் என்று நீ எழுதாமல் எழுதியிருப்பது எனக்குப் புரிகிறது. அதை இன்சார்ஜ் சிஸ்டரிடம் நேராகச் சொல். ஆள் குறைவு நிர்வாகத்தின் குறை, அதை நோயாளியின் மணிக்கட்டு சுமக்கக்கூடாது.

கேள்வி: மாமியாருக்கு 80 வயது, மறதி. ராத்திரியில் எழுந்து கதவைத் திறந்து நடந்துவிடுகிறார். ஒரு தடவை பைபாஸ் ரோடு வரை போய்விட்டார். பயந்துபோய் இப்போது சேலையால் கட்டிலோடு கட்டிப் படுக்க வைக்கிறோம். தப்பு என்று தெரிகிறது, வேறு வழி தெரியவில்லை. (பெயர் வேண்டாம், சின்னமனூர்)

பதில்: உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன் அம்மா. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரியும் காவல் இருக்கிற பெண்ணுக்குத் தூக்கம் வேண்டும். ஆனால் சேலைக் கட்டை இன்றே விடுங்கள். எழ முயன்று பாதி சரியும்போது அது கழுத்திலோ நெஞ்சிலோ இறுகி மூச்சு நின்றுவிடும்.

கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போடுங்கள், விழுந்தாலும் அடிபடாது. கதவுக்கு அவர் கை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், அதோடு ஒரு கொலுசையோ மணியையோ கட்டுங்கள். ஆனால் தீ, கரண்ட் என்று வந்தால் உடனே திறக்க வீட்டில் ஆள் இல்லாமல் தாழ் போடாதீர்கள். பாத்ரூமில் ராத்திரி விளக்கு எரியட்டும், படுக்கப் போகும் முன் கூட்டிப் போய்விட்டு வாருங்கள், பல பேர் எழுவது அதற்குத்தான், எங்கே போவது என்று தெரியாமல்தான் வாசலுக்குப் போகிறார்கள். பகலில் தூங்கவிடாமல் கொஞ்சம் நடக்க வையுங்கள், சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு காபி வேண்டாம். சட்டைப் பையிலோ இடுப்பிலோ உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். ராத்திரி எட்டு மணிக்கு மெத்தையில் உட்கார வைத்து, முன்னால் சொன்ன மாதிரி கையை நீவுங்கள், அவர் உங்களுக்குச் சொன்ன பழைய கதைகளை நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். திடீரென்று மறதி கூடியிருந்தால், ஒரு வாரத்தில் ஆளே மாறியிருந்தால், அது மறதி நோயின் வேலையாக மட்டும் இருக்காது, சிறுநீரில் கிருமியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் குமுளி, பீருமேடு பக்கமிருந்து இதைப் படிக்கிறவர்கள் பஞ்சாயத்தில் பாலியேட்டிவ் சிஸ்டரை, அதாவது தீராத நோயில் படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸை, கேளுங்கள், 2008ல் கேரளா கொண்டுவந்த கொள்கையின்படி வீடு தேடி வருகிற நர்ஸ் பஞ்சாயத்து மூலமாகவே இருக்கிறார்.

அப்புறம், வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வீட்டில் வேறு யாராவது காவல் இருக்கட்டும். பெற்ற பிள்ளைகளும் முறை வைத்து முழிக்கட்டும். இந்தப் பதிலை அவர்களிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு மனநோய். மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கட்டி வைத்திருந்தார்கள், எங்களுக்குச் சொல்லவே இல்லை. அப்படிச் செய்யலாமா? நான் போனால் அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாமா? (வாசகி, வண்டிப்பெரியாறு)

பதில்: சொல்லியிருக்க வேண்டும். 2017ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. அவருக்கோ மற்றவர்களுக்கோ உடனடி ஆபத்து, அதைத் தடுக்க வேறு வழியே இல்லை என்ற நிலையில் மட்டும்தான் கட்டலாம், பொறுப்பிலிருக்கும் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், தேவைக்கு மேல் ஒரு நிமிஷமும் கூடாது, தண்டனையாகக் கட்டக்கூடாது, ஆள் போதவில்லை என்பதற்காகவும் கட்டக்கூடாது. காரணம், முறை, நேரம் எல்லாம் குறிப்பேட்டில் எழுதியிருக்க வேண்டும், நோயாளி தனக்காக நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது என்று 95வது பிரிவு சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள், அதை நம் ஊர்களில் யாரும் மறந்திருக்க மாட்டோம். குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். மனநல உதவிக்கு டெலிமானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

கையைப் பிடிப்பது பற்றி. வயதானவர்களுக்குச் சொன்னதை அப்படியே இங்கே செய்யாதீர்கள். கட்டிப்போட்டு அடக்கப்பட்ட ஒரு இளைஞனுக்கு, அதுவும் யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வருகிற நிலையில் இருப்பவனுக்கு, தொடுதலே பயமாக இருக்கலாம். பக்கவாட்டில், அவன் பார்வைக்குத் தெரிகிற மாதிரி உட்காருங்கள். 'பிடிச்சுக்கட்டுமாடா' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் கையைக் கட்டில் ஓரத்தில் விரித்து வைத்துவிட்டு வீட்டுக் கதை பேசிக்கொண்டிருங்கள், அவனாக எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.